பெட்டித் தேனீக்கள் போன பிறகு

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதை நடத்தி வந்தவர் செங்கமலத்தம்மாள். அவருடைய சீடர் கோமதிநாயகம் அவரைவிட வயதில் மூத்தவர். நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். மனைவி இறந்தபின் மாற்று வேட்டியோடு மடத்துக்கு வந்து சேர்ந்தார். தோட்டம் அவர் பொறுப்பு.

ஒருநாள் அவர் குருவிடம் கேட்டார்.

"அம்மா, பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோறது ஒரே வேலை. அதுக்கு எதுக்கு இத்தனை வகைப் பூச்சி? நம்ம பெட்டித் தேனீ ஒண்ணே போதாதா?"

"ஏன் கேக்கறீங்க?"

"வேலியோரக் களையை வெட்டி, மண்சுவர்ப் பொந்துகளைப் பூசிடலாம்னு பார்க்கிறேன். கண்ட வண்டும் குடியிருக்கு. மில்லுல ஒரு வேலைக்கு ஒரு மிஷின்தான்."

"ஆடி போகட்டும் நாயகம்."

ஆடியில் அந்தப் பக்கம் வயல் வேலை இருக்காது. கூலிக் குடும்பங்கள் மதியச் சாப்பாட்டுக்கு மடத்தைத்தான் நம்பியிருக்கும். அவர்களுக்குக் குழம்பும் கூட்டும் அந்தத் தோட்டம்தான்.

ஆடிக் காற்று தொடங்கிய ஒரு காலையில் கோமதிநாயகம் தேன்பெட்டிகளைத் திறந்தார். எல்லாம் காலி. தேனீக்கள் கூட்டோடு பறந்து போயிருந்தன. தோட்டத்தில் கத்தரியும் பூசணியும் அப்போதுதான் பூத்து நின்றன.

அவர் அடுக்களைக்கு ஓடினார்.

"போச்சும்மா! இனி ஒரு பூவும் காயாகாது. பிள்ளைகளுக்கு என்னத்தை வைக்கப் போறோம்?"

செங்கமலத்தம்மாள் அரிவாள்மணையை ஓரமாக வைத்தார். "வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்."

இருவரும் கத்தரிச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். ஒரு கருவண்டு வந்தது. ஒரு பூவைக் கட்டிப் பிடித்து, உடம்பு அதிர ரீங்கரித்தது. பூவிலிருந்து மாவு சலித்தாற்போல மகரந்தம் கொட்டியது.

"இந்தப் பூ மகரந்தத்தைப் பூட்டி வெச்சிருக்கும்" என்றார் குரு. "உலுக்கினாத்தான் குடுக்கும். உங்க பெட்டித் தேனீக்கு உலுக்கத் தெரியாது."

"அப்போ இத்தனை நாள் கத்தரிக்காய்?"

"இதுங்க குடுத்ததுதான்."

பூசணிப் பூவுக்குள் கொசு அளவில் சின்னத் தேனீக்கள் புரண்டுகொண்டிருந்தன. தூறல் விழுந்ததும் அவை ஒதுங்கின. ஈ போன்ற ஏதோ ஒன்று நனைந்துகொண்டே வந்து உட்கார்ந்தது. சாயங்காலம் பீர்க்கம்பூ விரிந்தது. அதற்கு அந்துப்பூச்சிகள் வந்தன.

ஆனாலும் கோமதிநாயகத்துக்கு மனம் ஆறவில்லை. மகரந்தம் சேராவிட்டால் பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். தினமும் விடிந்ததும் விடியாததுமாகப் போய்க் கொடி கொடியாக இலையை விலக்கிப் பார்த்தார். சில உதிர்ந்திருந்தன. மற்றவை பச்சையாகவே பருத்தன. ஒரு பிஞ்சு உள்ளங்கை கொள்ளாத அளவு ஆனதும், சேற்றிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் சிரிப்பது அடுக்களை வரை கேட்டது.

காய் முற்றியதும் ஒரு மதியம் பந்தியில் பூசணிக் கூட்டு. பிள்ளைகள் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்தபின் கோமதிநாயகம் கேட்டார்.

"இத்தனை வகை எப்படிம்மா வந்துச்சு?"

"பந்தியில இடம் இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த பந்திக்கு உட்காருவேன்."

"அதுலயும் இல்லேன்னா?"

"அடுக்களையில நின்னுக்கிட்டே சாப்பிடுவேன்."

"உங்க பிள்ளை, பேரன் எல்லாம் நின்னுக்கிட்டேதான் சாப்பிட வேண்டியிருந்தா?"

கோமதிநாயகம் யோசித்தார். "நிக்கத் தோதான காலு இருக்கிறவன்தான் தேறுவான். நாளாக நாளாக, உட்கார்ந்து சாப்பிட்டவன் வம்சமும் எங்க வம்சமும் வேற வேற ஆகிடும்."

குரு சிரித்தார். "பூவுலயும் அதே பந்திதான்."

"இன்னும் ஒண்ணும்மா. சாம்பல் நிறத்துல ஒரு பூச்சி. வேலியோரமே சுத்துது. நானும் தினம் பார்க்கிறேன், நம்ம செடி எதுலயும் உட்காரல. அது எதுக்கு?"

"எனக்கும் தெரியாது நாயகம். அதனாலதான் அதை விரட்டாம இருக்கேன்."