கையில் நிற்காத வளையம்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு பேசி வழக்குத் தீர்த்துவந்த நாளில், கடலோரத்தில் மேலத்துறை, கீழத்துறை என்று இரண்டு குப்பங்கள் இருந்தன. மீன்பிடிப்பதில் வந்த சண்டை முற்றி, நடுவே மூங்கில் நட்டு வலையைக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பொருள் இந்தப் பக்கத்துக் கையில் நின்றால் அந்த வீட்டுப் படகைக் கொளுத்துவது என்று கட்டுப்பாடு. காவலுக்கு ஒரு நாரையை வைத்தார்கள். அதற்கு நட்பும் இல்லை, பகையும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்யும்.

நாச்சி கீழத்துறையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, பால்கூடக் குடிக்கவில்லை. அதற்கு மருந்தான வசம்பு மேலத்துறையில் அவள் அக்காள் செம்பியிடம்தான் இருந்தது. செம்பி அதைப் பொட்டலமாக வீசிப் பார்த்தாள். காற்று அதைக் கடலுக்குள் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒரு துண்டை, பானைக்கு அடியில் வைக்கும் கயிற்று வளையமான பிரிமனைக்குள் செருகி, முடிச்சுப் போட்டு, வலைக்கு மேலாக எறிந்தாள்.

நாச்சியின் இடது கையில் குழந்தை. வலது கையால் வளையத்தைப் பிடித்தாள்.

"ஏ நாச்சி, கையில என்ன?" என்றது நாரை.

பதறிப்போய் வளையத்தைத் திருப்பி வீசினாள்.

நாரை யோசித்தது. "வந்தது, போனது. நிற்கவில்லை. குற்றமில்லை."

செம்பி மறுபடி எறிந்தாள். நாச்சி பிடித்தாள், முடிச்சை விரலால் நெம்பினாள், நாரை திரும்புமுன் வீசினாள். இப்படியே பல தடவை. ஒற்றைக் கைக்கு முடிச்சு அசையவில்லை. குழந்தையின் அழுகை முனகலாகி, முனகலும் ஓய்ந்தது.

"அக்கா, இன்னும் ஒரே தடவை போடு" என்றாள் நாச்சி.

குழந்தையை மணலில் கிடத்தினாள். வந்த வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். நாரை கத்தியது. அவள் நிமிரவில்லை. முடிச்சை அவிழ்த்து, வசம்பை எடுத்து, அங்கேயே கல்லில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவினாள்.

அன்று மாலையே படகைக் கொளுத்தினார்கள். அவள் புருஷன் சேந்தன் தீயைப் பார்த்தபடி நின்றான்.

"பிள்ளை எப்படி இருக்கான்?"

"பால் குடிக்கிறான்."

"சரி" என்றான்.

கையில் நிற்காவிட்டால் குற்றமில்லை என்ற நாரையின் தீர்ப்பு இரண்டு குப்பத்துக்கும் தெரிந்துபோயிற்று. மறுநாளே, வலைக்கு அப்பால் உறவுள்ள பெண்கள் ஆளுக்கொரு பிரிமனையோடு வந்து நின்றார்கள். ஒரு கையால் பிடிப்பதும் உடனே வீசுவதும், இடையில் நலம் விசாரிப்பதுமாக இருந்தார்கள். நாரை கழுத்தை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒருவரிடமும் குற்றம் காண முடியவில்லை.

அன்று முதல்தான் டென்னிகாய்ட் என்னும் வளைய ஆட்டம் ஆடுகிறவர்கள் வலைக்கு இருபுறமும் நின்று, வளையத்தை ஒரே கையால் பிடித்து, பிடித்த கணமே திருப்பி வீசுகிறார்கள். எவராவது இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினால், இன்றைக்கும் அது குற்றம்தான்.