ஏத்தத்துல நின்ன நீலக் கார்

ஒரு ஊர்ல ஒரு நீலக் கார் இருந்துச்சாம். பழசு. தெய்வானைன்னு ஒருத்தி அதைத் தங்கராசு அண்ணன்கிட்ட வாங்குனா. எதுக்குன்னு கேளேன்? மலைமேல அவ தங்கச்சி சிவகாமி நெறமாசமா இருந்தா. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில சேத்தாகணும். "நானே வந்து கூட்டிட்டுப் போறேன்"னு தெய்வானை வாக்கு குடுத்துட்டா. தங்கராசுகிட்டயும் இதைச் சொல்லித்தான் கார் வாங்குனா. ம் சொல்லுடி, சொன்னாத்தான் கார் நகரும்.

அப்புறம் என்னாச்சு? சமதரையில ஜம்முனு ஓடுன கார், முதல் ஏத்தத்துலயே ‘புஸ்... புஸ்... டுக்’னு நின்னுருச்சு. பின்னாடி கருகருன்னு புகை. "அந்தத் தங்கராசு திருடன், என்னை ஏமாத்திட்டான்!"னு ஊரெல்லாம் சொல்லித் தீத்தா. மெக்கானிக் மஸ்தான் பாய் தொறந்துகூடப் பாக்கல. "இஞ்சின் போச்சு, எடைக்குப் போடும்மா"ன்னாரு.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு பாய்"ன்னா இவ. பிடிவாதக்காரி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை இஞ்சினுக்குப் பொறி குடுக்குற பிளக்கைக் கழட்டுனா. கரி அப்பியிருந்துச்சு. தேச்சுத் தேச்சு மாட்டுனா. ஏத்தத்துல ‘புஸ்... டுக்’. புதன்கிழமை பெட்ரோல் ஃபில்டரை மாத்துனா. அதுக்கும் ‘புஸ்... டுக்’. ம்? முழிச்சிருக்கியா? சரி.

வியாழக்கிழமை காலையில விறகடுப்புல வெந்நீர் வச்சா. விறகை நெருக்கித் திணிச்சதுல அடுப்பு கரும்புகையா கக்குச்சு. ரெண்டு கட்டைய வெளிய இழுத்தா, காத்து உள்ள போயி திகுதிகுன்னு எரிஞ்சுது. அப்போதான் பொறி தட்டுச்சு. "அட, இஞ்சினுக்கும் காத்து பத்தல!" வெந்நீரை அப்படியே விட்டுட்டு ஓடுனா.

இஞ்சின் காத்து இழுக்குற டப்பாவைத் தொறந்தா, உள்ள என்ன தெரியுமா? மஞ்சத்துணி! கார் வாங்குன அன்னிக்கு அம்மன் கோயில் குங்குமத்தை அதுல முடிஞ்சு, "இங்க வச்சாத் தொலையாது"ன்னு அவளே உள்ள வச்சது. முடிச்சு அவிழ்ந்து, துணி டப்பா வாயை அடைச்சு, குங்குமம் காத்து ஃபில்டர் பூரா அப்பிக் கெடந்துச்சு. துணியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு எடுத்தா. ஃபில்டரை டப்பு டப்புன்னு தட்டி ஊதி மாட்டுனா.

வெள்ளிக்கிழமை கார் ‘டுர்ர்ர்’னு ஒரே மூச்சுல மலை ஏறுச்சு. அப்புறம் சிவகாமிய ஏத்திக்கிட்டு இறங்குச்சு. ஆஸ்பத்திரியில சேத்துட்டு, தெய்வானை மொதல் வேலையா தங்கராசுக்குப் போன் போட்டா.

"அண்ணே, உங்களத் திருடன்னு சொன்ன வாய் இது. தப்பு என்னுது."

அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. "தங்கச்சிய சேத்துட்டியாம்மா?"

"சேத்துட்டேண்ணே"ன்னு சொல்லி விம்மி விம்மி அழுதா. அவமானமாவும் இருந்துச்சு, நிம்மதியாவும் இருந்துச்சு.

அவ்ளோதான். காரை நிறுத்தியாச்சு, சாவிய எடுத்தாச்சு, கதையும் நின்னாச்சு. கண்ண மூடுடி.