நூற்றுக்கு இருபது பானகம்

அன்று பந்தலில் இருந்தவர்கள்: எட்டாம் வகுப்புவரை படித்த சிங்காரம், அவர் மச்சான் ஒச்சப்பன், தம்ளர் கழுவும் மாயழகு, கரண்டிக்குப் பொறுப்பான வெள்ளைக்கண்ணு. ஆக நால்வர்.

தேர் வர அரைமணிதான் இருந்தது. தர்மகர்த்தா முன்பே சொல்லிவிட்டார்: பானகம் கெட்டால், அதைக் கொடுக்கும் உரிமை இனி அடுத்த ஊருக்கு.

அவர் அனுப்பிய பானகம் இரண்டு வகை. இளசில் வெல்லம் பத்து சதவீதம், கெட்டியில் முப்பது. இரண்டையும் கலந்து, இருபது சதவீதத்தில் இருபது லிட்டர் வேண்டும்.

சிங்காரம் பந்தல் காலில் கரியால் எழுதினார். இளசு x லிட்டர். கெட்டி, இருபதில் x போக மீதி. இளசில் பத்தில் ஒரு பங்கும் கெட்டியில் பத்தில் மூன்று பங்கும் சேர்ந்தால் வெல்லம் நான்கு. x பத்து என்று வந்தது. கணக்கு சரிதான்.

ஐம்பது லிட்டர் அண்டாவில் பத்தும் பத்துமாக ஊற்றி, மிச்சத்தைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மச்சான், பத்தும் முப்பதும் நாப்பதாச்சே. கேட்டது இருபதுல்ல?" என்றான் ஒச்சப்பன்.

"நாப்பதைக் குடிச்சா வடம் கையிலேயே ஒட்டிக்கும்," என்றான் மாயழகு.

பாதியைக் கீழே கொட்டினார்கள். வெள்ளைக்கண்ணு ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, "சரியா இருபது," என்றான். எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் அண்டாவில் பத்து லிட்டர்தான் இருந்தது.

"பத்து லிட்டர் தண்ணி ஊத்து. தண்ணியில வெல்லம் பூஜ்யம். இருபதோட பூஜ்யத்தைக் கூட்டினா இருபதுதானே?" என்றார் சிங்காரம்.

ஊற்றினார்கள். வெள்ளைக்கண்ணு இன்னொரு கரண்டி குடித்தான்.

"பத்துதாண்ணே இருக்கு."

"மீதி பத்து எங்கடா?"

"நான் ரெண்டு கரண்டிதான் குடிச்சேன்."

"கரண்டிக்கு அஞ்சு. கணக்கு சரியா வருது பாரு," என்றான் ஒச்சப்பன்.

எடுத்தவனைத் திரும்பக் கலப்பதுதான் முறை என்று முடிவாயிற்று. வெள்ளைக்கண்ணுவைத் தேய்த்துக் குளிக்கவைத்து, அண்டாவில் குந்தவைத்தார்கள். பானகம் அவன் மார்புவரை ஏறி, விளிம்பில் வழிந்தது.

"இருபது லிட்டர் அம்பதாயிடுச்சு மச்சான்," என்றான் ஒச்சப்பன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருமுனையில் மேளம் கேட்டது. "போதும், எந்திரி," என்றார் சிங்காரம். அவன் எழுந்தான். பானகம் அவன் கணுக்காலுக்குப் போய்விட்டது.

வடம் பிடித்தவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். தர்மகர்த்தா அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"பானகம் எங்கப்பா?"

சிங்காரம் வெள்ளைக்கண்ணுவைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இவன்கிட்ட நாப்பத்து மூணு லிட்டர் இருக்குங்க. அண்டாவுல ஏழு."