துணி கட்டிய காய்

"எவ்வளவு சேத்து வச்சா பயம் போகும், சாமி?"

வாசலில் ஒரு பெண் துறவி நின்றாள். கேட்டவளைத் தாண்டி முற்றத்தைப் பார்த்தாள். பாய் கொள்ளாமல் கத்தரி வற்றல் காய்ந்துகொண்டிருந்தது.

கேட்டவள் குமுதவல்லி. துறவிக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். எங்கிருந்தோ வந்து, ஆற்றுப் படித்துறை மண்டபத்தில் தங்கிக்கொண்டவள். கையில் ஒரு திருவோடு மட்டும் இருந்ததால் ஊர் அவளை ஓட்டுச்சாமி என்றது. ஒரு வேளைக்கு வாங்குவாள். அடுத்த வேளைக்கென்று எதையும் எடுத்து வைக்கமாட்டாள்.

இப்படி இருக்கிறவளிடம் போய் அதைக் கேட்கலாமா என்று குமுதவல்லிக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள். வேறு யாரிடம் கேட்பது?

போன ஐப்பசியில் ஆறு ஊருக்குள் வந்தது. வழியெல்லாம் அடைபட்டது. கஞ்சித் தண்ணீரும் தீர்ந்த ஒரு சாயங்காலம், அவள் குழந்தை தையல்நாயகி அழுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை பசியில் அழுததைக் குமுதவல்லி எப்படியோ தாங்கிக்கொண்டாள். நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளம் வடிந்ததும் அக்கரைக்குப் போனாள். அம்மா வீட்டில் மிஞ்சியிருந்த கத்தரி விதையை முடிச்சோடு வாங்கி வந்தாள். கணவன் மாசிலாமணி கொல்லையைக் கொத்திக் கொடுத்தான். அவர்கள் நட்டது போக மீந்த நாற்றைத் தெருவே வாங்கிப் போய் நட்டது.

கோடையில் செடிகள் கிளை தாங்காமல் காய்த்தன.

அவள் பறித்தாள், அரிந்தாள், உப்புத் தண்ணீரில் வேகவைத்தாள், பாயில் பரப்பினாள். காய்ந்ததை ஜாடியில் அமுக்கி வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். மகள் தையல், கையில் ஒரு குச்சியோடு உட்கார்ந்து காக்கை விரட்டினாள்.

ஒரே ஒரு காயைச் சுட்டுக் கொடு என்று தையல் ஆரம்பத்தில் கேட்டதுண்டு. மழைக்கு வேண்டும் என்பாள் அம்மா. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த ஊரில் விதைக்கு விடும் காயின் காம்பில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவைப்பார்கள். துணி கட்டிய காயை யாரும் தொடுவதில்லை. அது செடியிலேயே பழுத்து மஞ்சளாக வேண்டும். குமுதவல்லி ஒருநாள் அந்தத் துணிகளையும் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"விதைக் காயையுமா?" என்றான் மாசிலாமணி.

"அதுதான் நல்ல சதைப்பிடிப்பா இருக்கு. விதைக்கு அப்புறமா விட்டுக்கலாம். செடிதான் காய்ச்சுக்கிட்டே இருக்கே."

அவளைப் பார்த்துத் தெருவும் அவிழ்த்தது. பயம் அந்த வருஷம் எல்லார் வீட்டிலும் இருந்தது.

ஜாடிகள் நிறைந்தன. உறியில் தொங்கின, பரணில் ஏறின, தலைமாட்டுக்கு வந்தன. மாசிலாமணி, இனிமேல் நம்மை மடித்துத்தான் ஜாடிக்குள் படுக்கவைக்க வேண்டும் என்றான். அவள் சிரிக்கவில்லை. நிறைய நிறையப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. பூஞ்சை பிடிக்குமோ, எலி வருமோ, ஆறு பரணையும் தொடுமோ.

அதனால்தான் கேட்டாள்.

ஓட்டுச்சாமி திருவோட்டை நீட்டினாள்.

"சேத்து வச்சதுல ஒரு பிடி குடுங்க, அக்கா."

"சோறு போட்டு, இதைக் குழம்பாவே வச்சுத் தரேனே."

"வேணாம். அப்படியே குடுங்க."

ஒரு பிடி வற்றலை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

சில நாளில் ஊருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. ஓட்டுச்சாமி மண்டபத்து ஓரமாகப் பாத்தி கட்டியிருக்கிறாளாம். தினமும் ஆற்றிலிருந்து திருவோட்டில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுகிறாளாம். என்ன போட்டிருக்கிறாய் என்று துறையில் கேட்டவர்களிடம், கத்தரி என்றாளாம்.

"சாமிக்கும் சம்சார ஆசை வந்துடுச்சு. அடுத்து மாடு வாங்குவாங்க பாரு" என்றான் மாசிலாமணி.

குமுதவல்லிக்கு வேலை ஓடவில்லை. அரிந்துகொண்டிருந்த காயை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி மண்டபத்துக்குப் போனாள்.

பாத்தி நேர்த்தியாக இருந்தது. ஈர மண் பளபளத்தது. ஒரு முளை இல்லை. ஓரத்தில் எறும்புகள் எதையோ இழுத்துப் போயின. குனிந்து பார்த்தாள். அவள் கொடுத்த வற்றல்.

"சாமி, இது வற்றல்."

"ஆமா அக்கா. உள்ள விதை இருக்கே. எண்ணக்கூட முடியல, அவ்வளவு இருக்கு."

"இருந்து என்ன? பிஞ்சு விதை. அதுவும் உப்புல வெந்தது. வெந்தது முளைக்காது, சாமி."

"முளைக்காதா?"

ஓட்டுச்சாமி பாத்தியைப் பார்த்தாள். கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை. நிஜமாகவே ஏமாந்த குழந்தையின் முகமாக இருந்தது.

"அப்போ முளைக்கிறதுல ஒரு பிடி குடுங்க, அக்கா."

"அதுக்கென்ன, தரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குமுதவல்லி திரும்பினாள்.

பாதி வழியில் அவள் நடை நின்றது. பிறகு ஓடினாள்.

அதற்குள் ஆனி பிறந்திருந்தது. செடிகள் ஓய்ந்து, இலைகள் பழுத்துத் தொங்கின. ஒவ்வொரு கிளையாகத் தூக்கிப் பார்த்தாள். எஞ்சியவை புழு விழுந்த பிஞ்சுகள். துணி கட்டிய காய் ஒன்றுகூட இல்லை. அவிழ்த்த கை அவளுடையதுதானே, எப்படி இருக்கும்?

தெருவில் வீடு வீடாகக் கேட்டாள். எல்லா வீட்டிலும் ஜாடிகள் இருந்தன. அம்மாவின் முடிச்சை உதறிப் பார்த்தாள். தூசு விழுந்தது.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வரப்போகிற ஐப்பசிக்கு வீட்டில் எல்லாம் இருந்தது. அதற்கடுத்த ஐப்பசிக்கு ஒன்றும் இல்லை.

தையல் வந்து பக்கத்தில் நின்றாள். கையில் காக்கை விரட்டும் குச்சி.

"என்னம்மா தேடுற?"

"துணி கட்டின காய்."

குழந்தை குச்சியால் தரையைக் கீறினாள். "திட்ட மாட்டியே?" என்றாள்.

வேலி மூலையில் கோவைக்கொடி படர்ந்து மூடியிருந்தது. தையல் குச்சியால் கொடியை விலக்கினாள். வேலிக்குள் நுழைந்து போயிருந்த ஒரு கிளை, அதன் நுனியில் ஒரு காய். பழுத்து மஞ்சளாகி, கனத்துத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காம்பில் நீலப் புடவைக் கிழிசல். குமுதவல்லி அவிழ்த்து எறிந்ததில் ஒன்று. முடிச்சு, முடிச்சுப் போடத் தெரியாதவர்கள் போட்ட முடிச்சாக இருந்தது.

"நீ கட்டினியா?"

"துணி கட்டினா யாரும் பறிக்க மாட்டாங்கல்ல."

"உனக்குச் சுட்டுத் தின்னவா?"

தையல் இல்லையென்று தலையை ஆட்டினாள். "மழை வந்தா உனக்குச் சுட்டுத் தர. போன மழையில நீ சாப்பிடவே இல்லையே."

குமுதவல்லி அந்தக் காயின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை ஓட்டுச்சாமி வாசலுக்கு வந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து கத்தரிக்காய் சுட்ட மணம் வந்தது. எஞ்சிய பிஞ்சுகளில் புழு அரித்ததை வெட்டி எறிந்துவிட்டுத் தணலில் போட்டிருந்தார்கள். தையலின் மூக்கில் கரி. மாசிலாமணியின் மீசையில் கரி.

குமுதவல்லி சோற்றையும் சுட்டு மசித்ததையும் ஒற்றைக் கையால் திருவோட்டில் இட்டாள். இன்னொரு கை மூடியிருந்தது.

"சுடுது" என்றாள் ஓட்டுச்சாமி. ஊதி ஊதி ஒரு வாய் தின்றாள்.

குமுதவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பயம் போகல, சாமி."

"எங்க இருக்கு? காட்டுங்க."

குமுதவல்லிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மூடியிருந்த கையை மெல்லத் திறந்தாள். நீலத் துணிக் கிழிசல். அதன்மேல், கழுவிச் சாம்பல் பூசிய விதைகள்.

ஓட்டுச்சாமி குனிந்து பார்த்தாள். ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடித்து அந்தக் கையை மறுபடி மூடினாள்.

"நனையாம வச்சுக்கங்க, அக்கா."