கடமான் சார் கொடுத்த ரவுண்டு

ஒரு காட்டில் புல் தேய்ந்துபோன ஒரு பொட்டல் இருந்தது. காலை வேளையில் அங்கேதான் குட்டிகளுக்கு விளையாட்டு வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுத்தவர் கடமான் சார். காலில் இருந்த வேகத்தின் அளவுக்கு அவருக்குப் பொறுமை கிடையாது, குழந்தைகளே.

ஒரு நாள் வரிசையில் நின்ற பன்றிக்குட்டி, முன்னால் நின்ற முயல்குட்டியை இடித்தது.

"ரெண்டு பேரும் கிரவுண்டைச் சுத்தி ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்க" என்றார் கடமான்.

முயலால் நியாயம் பேசாமல் இருக்க முடியாது. "நான் சும்மாதான் சார் நின்னேன். அவன்தான் இடிச்சான்."

"எதிர்த்துப் பேசினதுக்கு இன்னும் ஒண்ணு."

பேசினால் ரவுண்டு. தாமதமாக வந்தால் ரவுண்டு. வகுப்பு கப்சிப்பென்று அடங்கிவிட்டது. தன்னைப்போல் குட்டிகளைக் கட்டி மேய்க்க இந்தக் காட்டில் ஆளே இல்லை என்று கடமானுக்கு உள்ளூரப் பெருமை. ஓடும் குட்டிகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடியதை அவர் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு காலையில், பந்தாட்டத்தின் நடுவே, காற்றில் சிறுத்தை வாடை வந்தது. ஓரத்துப் புதருக்குள் புள்ளி போட்ட முதுகு ஒன்று அசைவதைக் கடமான் பார்த்துவிட்டார். பொட்டலின் மறுமுனையில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே போய்விட்டால் சிறுத்தை கிட்டே வராது. ஆனால் சிறுத்தை என்று சொன்னால் குட்டிகள் மிரண்டு மூலைக்கொன்றாகச் சிதறும். சிதறுகிற குட்டி சிறுத்தைக்கு லேசாகக் கிடைத்துவிடும்.

"ஓடுங்க. எல்லாரும் ஓடுங்க" என்று கத்தினார்.

ஆட்டம் நின்றது. குட்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

"நாங்க என்ன சார் தப்பு பண்ணினோம்?" என்றது முயல்.

"இன்னிக்கு நான் யாரையும் இடிக்கவே இல்ல சார்" என்றது பன்றி.

பயந்த சுபாவமுள்ள புள்ளிமான்குட்டி மட்டும் எதுவும் கேட்காமல், பழகின வழியில் பொட்டலைச் சுற்றி ஓடத் தொடங்கியது. அந்த வழி நேராகப் புதரை ஒட்டிப் போகிறது.

கடமான் ஒரே பாய்ச்சலில் போய் அதை மூக்கால் திருப்பிவிட்டார். குரலை மாற்றிச் சொன்னார்: "என்னைத் தொடுறவங்கதான் இன்னிக்கு ஜெயிச்சவங்க. எங்கே, தொடுங்க பார்ப்போம்."

சொல்லிவிட்டு எருமைகள் இருந்த பக்கம் ஓடினார். அவ்வளவுதான், குட்டிகள் கூச்சல் போட்டுக்கொண்டு துரத்தின. பன்றிக்குட்டி அப்படி ஓடி அவர் பார்த்ததே இல்லை. சிறுத்தை புதரைவிட்டுப் பாய்ந்து வருவதற்குள் எல்லாம் எருமைகளின் நடுவே புகுந்துவிட்டன. கொம்புகளைப் பார்த்த சிறுத்தை, வந்த வழியே திரும்பியது.

"தொட்டுட்டேன் சார்" என்று மூச்சிரைத்தது முயல். "நாளைக்கும் இப்படி ஓடலாமா?"

ஓடிப் பிழைக்க வேண்டிய குட்டிகளுக்கு ஓட்டத்தையே கசக்க வைத்துவிட்டோமே என்று கடமானுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பன்றிக்குட்டி பந்தைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றது. சார் பார்த்ததும், தானாகவே ரவுண்டு ஓடக் கிளம்பியது.

"ஓட வேண்டாம். அந்த மரத்தடியில உட்காரு. ஒழுங்கா ஆடலாம்னு தோணும்போது வந்து சேர்ந்துக்கோ" என்றார் கடமான்.

பன்றிக்குட்டி உட்கார்ந்து பார்த்தது. மற்ற குட்டிகள் சிரித்துக்கொண்டு ஓடின. அதற்குக் கண்ணில் நீர் முட்டியது.

"சார், இனிமே பிடுங்க மாட்டேன். என்னையும் ஓட விடுங்க சார்."

நீதி: கற்றுக்கொடுக்க வேண்டியதையே தண்டனையாகக் கொடுத்தால், அது ஆபத்தில் கைகொடுக்காது.