வலி கொடுத்த கை

முன்பொரு நாட்டில் ஒரு மன்னர் இருந்தார். பெயர் வேண்டாம், அவரால் கையிழந்தவர்களின் பெயரையே யாரும் எழுதிவைக்கவில்லை. அவருடைய இடது தோள் இறுகிப்போய்க் கை மேலே எழும்பவில்லை. கிரீடத்தை இரு கையாலும் தானே எடுத்துச் சூடிக்கொள்வதில் அவருக்கு அலாதி ஆசை. அது முடியாமல் போனதும் கோபம் தலைக்கேறியது.

"துளியும் வலிக்காமல் குணப்படுத்துங்கள். வலித்தால், வலி கொடுத்த கையை வெட்டுங்கள்" என்றார். மந்திரி மழவராயர் "அருமையான ஆணை" என்று ஓலையில் எழுதி முத்திரை வைத்தார்.

மூட்டைப் பிடித்து நீவிவிடும் வைத்தியர்கள் இருவர் வந்தார்கள். இரு கையாலும் தோளை அசைத்தார்கள். மன்னர் அலறினார். இருவரும் இரண்டு கைகளும் இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

மூன்றாவதாக வீராயி என்ற வைத்தியக்காரியை இழுத்துவந்தார்கள். அரசவை விகடன் மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இவளை விட்டுவிடுங்கள், மன்னா" என்று காலில் விழுந்தான். அவன்மேல் மன்னருக்கு இருந்த பிரியம் மந்திரியின் கண்ணை வெகுநாளாக உறுத்தியது.

"அப்படியானால் விகடனும் சேர்ந்தே வைத்தியம் பார்க்கட்டும். வலித்தால் நான்கு கைகளையும் வெட்டுவோம்" என்றார் மந்திரி. மன்னர் ஒரு நாள் தவணை கொடுத்தார்.

"வலிக்காமல் செய்ய வழியே இல்லையா?" என்று மருதப்பன் வீராயியைக் கேட்டான்.

"இறுகின மூட்டு வலிக்காம அசையாதுய்யா. தாங்குற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கிவிடணும். மாசக்கணக்குல ஆகும். என் ரெண்டு புள்ளைங்களுக்கும் இந்தக் கைதான்யா சோறு போடுது."

"யார் தூக்கினாலும் பலன் உண்டா?"

"தோளுக்கு ஆள் தெரியுமாய்யா?"

மறுநாள் சபையின் உத்தரத்துக்கு மேலே போட்ட ஒரு கயிறு இருபுறமும் தொங்கியது. ஒரு முனையைச் சேவகன் ஒருவன் மன்னரின் இடக்கையில் கட்டினான். மறுமுனையை வலக்கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னான் மருதப்பன். கொலைஞன் வாளோடு நின்றான். வீராயி பத்தடி தள்ளி நின்று, "மெள்ள இழுங்க சாமி" என்றாள்.

மன்னர் இழுத்தார். கை தோள்வரை எழுந்தது. "ஐயோ!" என்று கத்தினார்.

"வலித்துவிட்டது! வெட்டுங்கள்!" என்று மந்திரி துள்ளினார்.

மருதப்பன் கைகட்டி நின்றான். "ஆணை ஆணைதான், மன்னா. நாங்கள் இருவரும் தங்களைத் தொடவில்லை. கயிற்றை இழுத்தது தங்கள் வலக்கை. அதைத்தான் மந்திரியார் வெட்டச் சொல்கிறார்."

மன்னர் தம் வலக்கையை வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு வயிறு குலுங்க. ஆணையோலையைக் கிழிக்கச் சொன்னார். வீராயி அங்கேயே உட்கார்ந்து தன் கைகளை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் மன்னர் மருதப்பனிடம்.

"கையிழந்த இருவருக்கும் ஆயுள் முழுக்க அரண்மனைச் சோறு வேண்டும். ஆணையை எழுதியவரே பிசைந்து ஊட்ட வேண்டும்."

மன்னர் மறுபடியும் சிரித்துச் சம்மதித்தார். அன்று முதல் இரண்டு வேளையும் மழவராயர் தரையில் உட்கார்ந்து கவளம் உருட்டினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள்; கையிழந்த இருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் நிதானமாக மென்றார்கள். மந்திரி கையை நீட்டியபடி காத்திருந்தார்.