பூட்டிய வீடுகளின் பட்டியல்

பேராசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் பகுதிநேர ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்திரண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு மலையடிவாரப் பள்ளியில் தலைமையாசிரியர் வேறு. மாணவர் குருவை "மேடம்" என்பார். குரு மாணவரை "சார்" என்பார். துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆளை மாற்றி வணக்கம் வைப்பார்கள்.

பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஆறு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த தரவு முழுவதும் பொன்னுரங்கத்தின் பென் டிரைவில் இருந்தது. அதை அவர் அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறார் என்று பேச்சு. உண்மையில் சட்டைப்பையில்தான்.

ஒரு திங்கட்கிழமை முகம் வாடி வந்தார்.

"பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்க மேடம். பதிவேட்டுல அம்பது பேரு, வர்றது ஒம்பது. மீதி நாப்பத்தோரு பேரையும் இடைநின்றவங்கன்னு எழுதிட்டாங்க."

"எங்க போனாங்க?"

"அப்பா அம்மாவோட கரும்பு வெட்டப் போயிருக்கும். எந்த ஊருன்னு தெரியல. மேஸ்திரி வருஷத்துக்கு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாரு."

"உங்க தரவை இணையத்துல பொதுத்தளத்துல போடலாமே. மூணு மாநிலத்துல இதே வேலையைச் செய்யறவங்க அதைப் பார்ப்பாங்க."

பொன்னுரங்கத்தின் கை சட்டைப்பைக்குப் போனது. "எல்லாருக்கும் கொடுத்துட்டா, என்னோடதுன்னு என்ன மேடம் மிஞ்சும்?"

ஜெசிந்தா பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "சரி, நல்லதை நீங்களே வெச்சுக்குங்க. வேண்டாம்னு ஒதுக்கினதை மட்டும் கொடுங்க."

கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு. மூன்று முறை போயும் வீடு பூட்டியிருந்தால், பக்கத்து வீட்டில் பிள்ளைகளின் வயதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். இந்த வருடம் அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அந்தக் குப்பையைக் கொடுக்கப் பொன்னுரங்கத்துக்கு ஒரு தயக்கமும் இல்லை.

வீட்டுக்காரர்களின் பெயர்களை மறைத்து ஜெசிந்தா அதைத் தளத்தில் ஏற்றினார்.

நான்காம் நாள் கர்நாடகத்தின் மண்டியாவிலிருந்து சவிதா என்பவர் எழுதினார். கரும்பு வெட்டுவோரின் குடிசைகளை ஆராய்கிறவர். அவரிடமும் ஒரு குப்பை இருந்தது. "தமிழ்நாடு, ஊர் தெரியவில்லை" என்று ஒதுக்கிய நூற்று எழுபது குடிசைகள். இங்கே பூட்டிய ஒரு வீட்டில் பத்து, ஏழு, நான்கு வயதுப் பிள்ளைகள். அங்கே ஒரு குடிசையிலும் பத்து, ஏழு, நான்கு. இரண்டு பட்டியலையும் சேர்த்து வைத்தால் இப்படிப் பல வரிகள் பொருந்தின. சவிதா அந்தக் குடிசைகளுக்கு நேரிலேயே போய் எந்த ஊர் என்று கேட்டுவிட்டார். பொன்னுரங்கம் பள்ளியின் நாற்பத்தோரு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

செய்தி கேட்ட பொன்னுரங்கம் துள்ளி எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது.

பிறகு இரண்டு மாதம் படாத பாடு. இந்த அதிகாரி அந்த மாநிலத்தைக் கைகாட்டினார், அந்த அதிகாரி இந்த மாநிலத்தை. இரண்டையும் சேர்த்த பட்டியலைப் பார்த்ததும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கரும்புக் காட்டோரம் ஒரு தமிழ் வகுப்பு திறந்தது. அங்கே படிக்கும் நாட்கள் ஊர்ப் பள்ளியின் வருகையாகவே எழுதப்படும் என்று உத்தரவும் வந்தது. பள்ளி பிழைத்தது.

வகுப்பு தொடங்கும் நாள் காலையில் பொன்னுரங்கம் பென் டிரைவை மேசையில் வைத்தார்.

"ஆறு வருஷத்தையும் ஏத்திடுங்க மேடம். அந்தப் பூட்டின வீட்டு விதியை மட்டும் மாத்தணும்."

"மாத்துவோம் சார். அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்."

பொன்னுரங்கம் அங்கேயே நின்றார். "என்னோடதுன்னு என்ன மிஞ்சும்னு அன்னிக்குக் கேட்டேன். நீங்க பதிலே சொல்லல."

ஜெசிந்தா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். காணொளி அழைப்பில் கரும்புக் காடு, அதன் முன்னால் வரிசையாகப் பிள்ளைகள். ஒருத்தி அவரைக் கண்டுகொண்டு பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "நம்ம பெரிய சாருடி."

பொன்னுரங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பதிவேடு எடுத்துட்டு வந்திருக்கீங்கல்ல?" என்றார் ஜெசிந்தா. "பேர் கூப்பிடுங்க சார். நாப்பத்தோரு பேரும் காத்துட்டிருக்காங்க."